நிர்வாகிகள் தங்கள் பங்கை விற்கும்போது நீங்கள் படிவத்தில் எந்த வரியைப் பார்க்கிறீர்கள்?

மெதுநடை:

ஆறு வருடமாக வைத்திருந்த ஓர் அமெரிக்கப் பங்கைப் போன வருடம் ஒரே காலையில் மொத்தமாக விற்றுவிட்டேன். காரணம் ஒரே ஒரு தலைப்புச் செய்தி. "சிஇஓ 38 லட்சம் டாலருக்குப் பங்குகளை விற்றார்." நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வியாபாரம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காலாண்டு முடிவிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் உள்ளே இருப்பவருக்கு நமக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது என்று ராத்திரி முழுக்க மனசு அடித்துக்கொண்டது. நான் விற்ற ஏழு மாதத்தில் அது முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்தது இதற்கு நேர் எதிர். வேறொரு சிறிய நிறுவனத்தில் இதே மாதிரி விற்பனைச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. விற்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், வாங்குவதற்கு ஒரே காரணம்தான் என்ற பழைய வாசகத்தை நம்பிச் சும்மா இருந்தேன். அது பாதி விலைக்கும் கீழே போய் இன்றுவரை மீளவில்லை.

பயந்தபோதும் நஷ்டம், பயப்படாதபோதும் நஷ்டம். அதனால் பொதுவான அறிவுரை வேண்டாம். இயக்குநரோ உயர் அதிகாரியோ விற்றார் என்று தெரிந்தால் நீங்கள் எந்தக் காகிதத்தை எடுத்து எந்த வரியைப் படிக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

நேர்கோடு:

என் வழி எளிது. அவர்கள் விற்றால் நானும் விற்பேன். நிறுவனத்தை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர் வெளியே போகிறார் என்றால் நாம் ஏன் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்?

அடிக்குறிப்பு:

நேர்கோடு சொல்கிறபடி நடந்தால் பெரிய அமெரிக்க நிறுவனம் எதையுமே ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. அங்கே மேல்மட்டத்தில் சம்பளத்தின் பெரும்பகுதி பங்காகத்தான் வருகிறது, அதனால் யாராவது ஒருவர் விற்றுக்கொண்டேதான் இருப்பார்.

மெதுநடை, அந்த 38 லட்சத்தை முதலில் எடுப்போம். அமெரிக்கப் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஸ்இசியின் எட்கர் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் ஃபார்ம் 4 என்று வரிசையாக வரும். இயக்குநர்கள், உயர் அதிகாரிகள், 10 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் எல்லாரும் வாங்கினாலும் விற்றாலும் இரண்டு வேலை நாளுக்குள் அதைத் தாக்கல் செய்தாக வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்து இருக்கும். பி என்றால் சந்தையில் வாங்கியது, எஸ் என்றால் விற்றது, எம் என்றால் ஆப்ஷனை, அதாவது முன்பே குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமையை, பங்காக மாற்றியது, ஏ என்றால் நிறுவனம் கொடுத்தது, எஃப் என்றால் வரிக்காகப் பிடித்துக்கொண்டது, ஜி என்றால் யாருக்காவது அன்பளிப்பாகக் கொடுத்தது.

இப்படி ஒரு படிவம் உங்கள் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரி: எம், 40,000 பங்கு, விலை 12 டாலர். இரண்டாவது வரி: எஸ், 40,000 பங்கு, விலை 95 டாலர். வரியின் கடைசியில் "பரிவர்த்தனைக்குப் பின் கையிருப்பு" என்று ஒரு கட்டம், அதில் 3,10,000. எம் வரிக்கு முன்னால் அவரிடம் எவ்வளவு இருந்தது என்று போன படிவத்தில் பாருங்கள், அங்கேயும் 3,10,000. ஆக அவருடைய பங்கு ஒன்றுகூடக் குறையவில்லை, பழைய ஆப்ஷனைப் பணமாக்கினார், அவ்வளவுதான். கீழே இரண்டாவது அட்டவணையில் அந்த ஆப்ஷன் காலாவதியாகும் தேதி இருக்கும். பொதுவாக ஆப்ஷனுக்குப் பத்து வருட ஆயுள். இன்னும் நாலு மாதத்தில் காலாவதி என்றால் அந்த விற்பனையில் உங்களுக்குச் செய்தி எதுவும் இல்லை, விட்டிருந்தால் அவருக்கு அது வெறும் காகிதம். தலைப்பில் மட்டும் 40,000-ஐ 95-ஆல் பெருக்கி 38 லட்சம் டாலர் என்று போட்டுவிடுவார்கள்.

காலாவதிக்கு இன்னும் ஐந்தாறு வருடம் இருக்கும்போதே மாற்றி, உடனே விற்றிருந்தால் அது வேறு கதை. அப்போது நானும் நிமிர்ந்து உட்காருவேன்.

மெதுநடை:

இப்போதுதான் அந்தப் படிவத்தைத் தேடி எடுத்தேன். நீங்கள் கணக்குக்குச் சொன்னது போலவேதான் இருக்கிறது. எம், அடுத்து எஸ், கையிருப்பில் மாற்றமில்லை. ஆப்ஷன் காலாவதி அதே வருடம் நவம்பரில். ஐந்து நிமிட வேலை, அன்றைக்கு ராத்திரி செய்திருக்கலாம். உண்மையிலேயே வலிக்கிறது.

பங்குச்சம்பளம்:

நான் ஒரு நிறுவனத்தில் இப்படிப் பங்காகச் சம்பளம் வாங்குகிறவன், பெரிய பதவி இல்லை. எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. சம்பளம் அந்த நிறுவனத்தில், போனஸ் அந்த நிறுவனத்தில், சேமிப்பில் எழுபது சதவீதமும் அதே நிறுவனப் பங்கில். நாளைக்கு நிறுவனம் சறுக்கினால் வேலையும் போகும், சேமிப்பும் போகும், இரண்டும் ஒரே வாரத்தில். அதனால் ஆர்எஸ்யூ, அதாவது சம்பளமாகத் தரும் பங்கு, கைக்கு வந்த அன்றே நான் பாதியை விற்றுவிடுவேன், நிறுவனத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தாலும். வீடு வாங்க, பிள்ளைகள் படிப்புக்கு, விவாகரத்துக்குப் பிறகு சொத்தைப் பிரிக்க என்று கூட வேலை செய்கிறவர்கள் விற்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வரி. ஆர்எஸ்யூ கையில் வருகிற அன்றே அது வருமானமாகக் கணக்காகும். சில நிறுவனங்கள் வரிக்கான பங்கைத் தாமே பிடித்துக்கொள்ளும், அது எஃப். வேறு சில நிறுவனங்கள் வரிக்குத் தேவையான அளவைச் சந்தையில் விற்றுக் கட்டும், அது படிவத்தில் எஸ் என்றுதான் வரும். படிவத்தின் அடிக்குறிப்பில் "வரிப் பிடித்தத்துக்காகக் கட்டாயமாக விற்கப்பட்டது, தன் விருப்பத்தில் விற்றதல்ல" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் எஸ் என்பதை மட்டும் எண்ணுகிற இணையதளங்கள் நிறைய.

சந்தேகி:

எல்லாம் சரி, ஆனால் நீங்கள் எல்லாரும் ரொம்ப நல்லவர்களாக யோசிக்கிறீர்கள். கணக்கு மோசடியில் திவாலான என்ரான் நிறுவனத்தை மறந்துவிட்டீர்களா? 2001-இல் தலைவர் கென்னத் லே தன் ஊழியர்களிடம் நம் பங்கு மலிவாகக் கிடைக்கிறது, நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னார். அதே காலத்தில் வாங்கியதைவிடப் பல மடங்கு பங்கை நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்துப் பணமாக்கியிருந்தார். நிறுவனத்துக்கே விற்றால் உடனே வெளியில் சொல்ல வேண்டியதில்லை, வருடம் முடிந்த பிறகு சொன்னால் போதும் என்று அப்போது விதியில் ஓர் ஓட்டை இருந்தது. நீங்கள் சொல்லும் அந்த இரண்டு வேலை நாள் கெடுவே 2002-இல் சார்பேன்ஸ் ஆக்ஸ்லி சட்டம் வந்த பிறகுதான் வந்தது. எத்தனை ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பு கரைந்த பிறகு!

இப்போது எல்லாரும் 10பி5-1 திட்டம் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். முன்கூட்டியே தேதியும் அளவும் எழுதி வைத்துவிட்டேன், நடுவில் எனக்கு எதுவும் தெரிந்திருந்தாலும் அதற்கும் விற்பனைக்கும் சம்பந்தமில்லை என்பார்கள். வீட்டுக்கடன் நிறுவனமான கன்ட்ரிவைட்டின் தலைவர் ஏஞ்சலோ மொசிலோவும் அப்படித்தான் திட்டத்தின் கீழ் 2006 கடைசியிலிருந்து 2007 வரை சுமார் 14 கோடி டாலருக்கு விற்றார். வீட்டுக்கடன் நெருக்கடியில் அந்த நிறுவனம் என்ன ஆனது என்று தெரியும். 2010-இல் எஸ்இசியுடன் 6.75 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார், குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அடிக்குறிப்பு:

சந்தேகி சொல்வதில் நான் மறுக்க எதுவும் இல்லை. திட்டம் என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதி அடைகிறவர்களுக்கு அதையே நானும் சொல்வேன், திட்டத்துக்குப் பிறந்த தேதி ஒன்று உண்டு, அதைப் பாருங்கள்.

சிலிக்கன் வேலி வங்கியின் சிஇஓ கிரெக் பெக்கர் 2023 பிப்ரவரி 27-இல் 12,451 பங்குகளை ஏறத்தாழ 36 லட்சம் டாலருக்கு விற்றார். திட்டத்தின் கீழ்தான். திட்டம் போட்ட தேதி ஜனவரி 26. மார்ச் 10-இல் வங்கி மூடப்பட்டது. அவர் மனதில் என்ன இருந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை, ஆனால் திட்டத்துக்கும் விற்பனைக்கும் நடுவே 32 நாள்தான் என்பது அந்தப் படிவத்தின் அடிக்குறிப்பிலேயே இருந்தது, யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம்.

அவர் விற்ற அதே பிப்ரவரி 27-இல்தான் புதிய விதியும் நடைமுறைக்கு வந்தது. இப்போது இயக்குநரோ உயர் அதிகாரியோ திட்டம் போட்டால் குறைந்தது 90 நாள் காத்திருக்க வேண்டும், காலாண்டு அறிக்கை வெளியாகும் தேதியைப் பொறுத்து அது 120 நாள்வரை போகலாம். 2023 ஏப்ரலிலிருந்து ஃபார்ம் 4-இன் மேலேயே ஒரு கட்டம் இருக்கிறது, திட்டத்தின் கீழ் விற்றிருந்தால் அதில் குறி போட்டு, எந்தத் தேதியில் போட்ட திட்டம் என்று எழுத வேண்டும். பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. அந்தக் காலாண்டில் எந்த இயக்குநர், எந்த அதிகாரி திட்டம் போட்டார், எவர் திட்டத்தை ரத்து செய்தார், எத்தனை பங்கு, எதுவரை என்று நிறுவனம் தன் காலாண்டு அறிக்கையிலேயே சொல்ல வேண்டும். அதாவது பல சமயம் விற்பனை தொடங்குவதற்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் "இதர தகவல்" என்ற தலைப்பின் கீழ் கிடக்கும்.

சந்தேகி:

90 நாள் விதி நல்லதுதான். ஆனால் 90 நாளுக்கு முன்பே கெட்ட சேதி தெரிந்தவரை அது தடுக்காது. ஆன்ட்ராக் நிறுவனத்தின் தலைவராக இருந்த டெரன் பைசர் வழக்கைப் படியுங்கள். நிறுவனத்தின் மிகப் பெரிய வாடிக்கையாளர் கையை விட்டுப் போகப்போகிறார் என்று தெரிந்துகொண்டே 2021-இல் திட்டம் போட்டு, அடுத்த வர்த்தக நாளிலேயே விற்கத் தொடங்கினார். 2024 ஜூனில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. திட்டத்தைப் பயன்படுத்தியதை மட்டுமே வைத்து அமெரிக்க நீதித்துறை நடத்திய முதல் இன்சைடர் வழக்கு, அதாவது உள்ளே இருப்பவர் ரகசியத் தகவலை வைத்து வர்த்தகம் செய்த வழக்கு, அதுதான். திட்டம் என்பது கவசம் ஆகாது என்று நீதிமன்றம் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

நேர்கோடு:

அப்படியானால் என் விதிதானே பாதுகாப்பு? சந்தேகம் வந்தால் வெளியே வந்துவிட வேண்டியதுதானே?

அடிக்குறிப்பு:

அதில்தான் மெதுநடைக்கு முதல் நஷ்டம் வந்தது. இன்னும் பெரிய பெயர்களைப் பாருங்கள். என்விடியாவின் ஜென்சென் ஹுவாங் 2024 மார்ச்சில் போட்ட திட்டத்தின் கீழ் ஜூனிலிருந்து செப்டம்பர்வரை 60 லட்சம் பங்குகளை விற்றார், மதிப்பு 70 கோடி டாலருக்கு மேல். தினமும் ஒரே அளவு, 1,20,000. அன்றன்றைக்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் அதே எண்ணிக்கை, அவ்வளவு ஒழுங்காக நடப்பதில் நமக்குத் துப்பு எதுவும் கிடைக்காது. அதன் பிறகும் நிறுவனத்தில் மூன்று சதவீதத்துக்கு மேல் அவரிடம்தான் இருந்தது. அடுத்த ஒரு வருடத்தில் பங்கு எங்கே போனது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெஃப் பெசோஸ் 2024 பிப்ரவரியில் 5 கோடி அமேசான் பங்குகளை விற்றார், சுமார் 850 கோடி டாலர். சில மாதம் முன்னால்தான் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஃப்ளோரிடாவுக்குக் குடிபோவதாகச் சொல்லியிருந்தார். வாஷிங்டனில் 2022-இலிருந்து பெரிய மூலதன லாபத்துக்கு மாநில வரி உண்டு, அப்போது அது 7 சதவீதம், ஃப்ளோரிடாவில் அது கிடையாது. அவருடைய காரணம் இதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நிறுவனத்தின் நிலைமையோடு துளியும் சம்பந்தமில்லாத ஒரு காரணம் எத்தனை கோடி டாலர் அளவில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

பங்குச்சம்பளம்:

அப்படியானால் யாரை நம்புவது? ஒழுங்காக விற்கிறவரிடம் செய்தி இல்லை, ஒழுங்கு தவறி விற்றால் செய்தி இருக்கிறது என்கிறீர்களா?

அடிக்குறிப்பு:

ஆமாம், ஏறக்குறைய அதுதான். இதைக் கணக்கெடுத்தும் பார்த்திருக்கிறார்கள். கோஹென், மல்லாய், பொமோர்ஸ்கி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட கட்டுரையில் இன்சைடர்களை இரண்டாகப் பிரித்தார்கள். தொடர்ந்து மூன்று வருடமாவது ஒரே மாதத்தில் வாங்கியோ விற்றோ வந்தவர்கள் வழக்கக்காரர்கள், மற்றவர்கள் இன்னொரு பக்கம். வழக்கக்காரர்களின் பரிவர்த்தனையை வைத்துப் பங்கின் எதிர்காலத்தைச் சொல்ல முடியவில்லை, மற்றவர்களுடையதை வைத்துச் சொல்ல முடிந்தது. அதற்கு முன்பே 2001-இல் லகோனிஷாக்கும் லீயும் எல்லா விற்பனையையும் ஒரே குவியலாகப் போட்டுப் பார்த்து, விற்பனையில் சேதி இல்லை, சிறிய நிறுவனங்களில் வாங்குவதில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இது. ஒரு மனிதரின் விற்பனையை மற்ற மனிதர்களோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது, அதே மனிதரின் கடந்த ஐந்து வருடத்தோடு ஒப்பிட வேண்டும்.

சந்தேகி:

இந்த முறை நான் மறுபக்கம் நிற்கிறேன். வழக்கத்தை மீறினால் ஆபத்து என்றால் ஜேமி டைமன்? ஜேபி மார்கன் தலைவராகி ஏறக்குறைய பதினெட்டு வருடம் சொந்தப் பங்கு ஒன்றைக்கூட விற்காதவர் 2023 அக்டோபரில் பத்து லட்சம் பங்குகளை விற்கப்போகிறேன் என்று அறிவித்தார். இதைவிடப் பெரிய வழக்க மீறல் உண்டா? அன்றே பங்கு சரிந்தது. 2024 பிப்ரவரியில் எட்டு லட்சத்துச் சொச்சம் பங்குகளைச் சுமார் 15 கோடி டாலருக்கு விற்றபோது விலை அறிவித்த நாளைவிட மேலே இருந்தது, அதற்கப்புறமும் ஏறியது.

அடிக்குறிப்பு:

நல்ல கேள்வி, நானும் அன்றைக்குத் தடுமாறினேன். ஆனால் அதில் மூன்று விஷயம் இருந்தது. விற்பதற்கு நாலு மாதம் முன்னாலேயே சொன்னார். குடும்பத்திடம் இருந்தது 86 லட்சம் பங்கு, விற்கப்போவது அதில் எட்டில் ஒன்றுக்கும் குறைவு. வயது அறுபத்தேழு. சொத்தைப் பிரித்து வைக்க வேண்டிய வயதில் ஒருவர் எட்டில் ஒரு பங்கைப் பகிரங்கமாகச் சொல்லிவிட்டு விற்பதும், யாருக்கும் தெரியாமல் பாதியை விற்பதும் ஒன்றாகாது. வழக்க மீறல் என்பது கதவைத் தட்டுகிற சத்தம்தான், யார் வந்திருக்கிறார் என்று திறந்து பார்க்க வேண்டும். அதே மனிதர் 2016 பிப்ரவரியில் வங்கிப் பங்குகள் விழுந்துகொண்டிருந்தபோது தன் கைக்காசைப் போட்டு 5 லட்சம் பங்குகளை வாங்கினார், அந்த பி எழுத்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று பிறகு தெரிந்தது.

நேர்கோடு:

சரி, என் கையில் இருக்கும் ஒன்றைப் பார்த்தேன். ஓர் இயக்குநர் போன வாரம் 52,000 பங்கு விற்றிருக்கிறார், மீதி வெறும் 8,000. எண்பத்தாறு சதவீதத்துக்கு மேல் விற்றுவிட்டார்! இதற்கும் சமாதானம் சொல்வீர்களா?

பங்குச்சம்பளம்:

அதே படிவத்தில் கீழே "மறைமுகம்" என்று குறித்த வரிகள் இருக்கிறதா பாருங்கள். கையிருப்புக் கட்டம் அந்த ஒரு வகைக்கு மட்டும்தான் கணக்கு. குடும்ப அறக்கட்டளை, மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் தனித்தனி வரி.

நேர்கோடு:

பார்த்தேன். இரண்டு அறக்கட்டளை, ஒன்றில் 4,10,000, இன்னொன்றில் 1,75,000. ஆக மொத்தத்தில் அவர் விற்றது எட்டு சதவீதம். மன்னிக்கவும், அவசரப்பட்டுவிட்டேன். இன்று காலை விற்க ஆர்டர் போட்டு வைத்திருந்தேன், ரத்து செய்துவிட்டேன்.

அடிக்குறிப்பு:

மன்னிப்பெல்லாம் வேண்டாம், எல்லாருக்கும் நடப்பதுதான். வருடத்துக்கு ஒருமுறை பங்குதாரர் கூட்டத்துக்கு முன் வரும் பிராக்ஸி அறிக்கையில் ஒவ்வொருவருக்கும் மொத்தம் எவ்வளவு என்ற அட்டவணை இருக்கும், எவ்வளவு பங்கு அடமானத்தில் இருக்கிறது என்பதும் அங்கே தெரியும். இயக்குநர் ஒரு முதலீட்டு நிதியின் ஆளாக வந்து உட்கார்ந்திருக்கிறாரா என்றும் பாருங்கள். நிதிக்கு ஆயுள் முடிகிறது, பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அதனால் விற்பார்கள். பங்குச்சந்தைக்குப் புதிதாக வந்த நிறுவனத்தில் ஆறு மாதப் பூட்டு திறந்ததும் கொட்டுவதும் அதே ரகம்.

மெதுநடை, உங்கள் இரண்டாவது நிறுவனத்தின் பழைய படிவங்களையும் எடுத்துப் பார்த்தீர்களா?

மெதுநடை:

நேற்று ராத்திரி முழுக்க அதைத்தான் செய்தேன். ஒன்றொன்றாக எழுதி வைத்தேன், அப்படியே தருகிறேன்.

காலாண்டு முடிவு வெளியாகி மூன்றாவது நாளிலிருந்து பதினோரு நாளுக்குள் மூன்று பேர் விற்றிருக்கிறார்கள். சிஎஃப்ஓ என்ற நிதித் தலைவர், விற்பனைப் பிரிவுத் தலைவர், கணக்குத் தணிக்கைக் குழுவில் இருந்த ஓர் இயக்குநர். மூன்றும் எஸ். எம் வரி எங்கேயும் இல்லை, அதாவது ஆப்ஷன் கிடையாது, கையில் இருந்த பங்கையே விற்றிருக்கிறார்கள். அடிக்குறிப்பில் திட்டம் பற்றியோ வரி பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. நிறுவனத்தில் சேர்ந்து நாலு வருடத்தில் சிஎஃப்ஓ அதற்கு முன் ஒரே ஒரு பங்கைக்கூட விற்றதில்லை, ஆனால் அன்றைக்கு விற்றது கையிருப்பில் நாற்பத்தொரு சதவீதம், மறைமுகக் கையிருப்பு எதுவும் இல்லாமல். பங்கு அப்போது உச்சத்திலும் இல்லை, உச்சத்திலிருந்து இருபது சதவீதம் இறங்கிய பிறகு விற்றிருக்கிறார், எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. ஐந்து மாதம் கழித்து அவர் ராஜினாமா, அடுத்த காலாண்டில் வருமானக் கணிப்பை நிறுவனம் குறைத்தது.

சந்தேகி:

கணக்கைக் கையில் வைத்திருப்பவர், விற்பனையைக் கையில் வைத்திருப்பவர், தணிக்கையைப் பார்ப்பவர். மூன்று நாற்காலியும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது.

அடிக்குறிப்பு:

இறங்கிய விலையில் விற்றதை நீங்கள் கவனித்தது நல்லது, பலர் தவறவிடுவது அது. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்சைடர் விற்ற பிறகு ஆறு மாதத்துக்குள் குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கினால் அந்த லாபத்தை நிறுவனத்திடம் கட்ட வேண்டும், 1934 சட்டத்திலிருந்தே அப்படித்தான். ஆக இருபது சதவீதம் விழுந்த பங்கை விற்கிறவர், அடுத்த ஆறு மாதத்தில் இது இன்னும் இறங்கினாலும் எடுத்து லாபம் பார்க்க முடியாது என்று தெரிந்தேதான் கையை விடுகிறார்.

அன்றைக்கு நீங்கள் இதைப் படித்திருந்தாலும் உறுதியாகத் தெரிந்திருக்காது. ஆனால் நானாக இருந்தால் பாதியைக் குறைத்துவிட்டு, அடுத்த காலாண்டு அறிக்கையில் வர வேண்டிய பாக்கிப்பணமும் சரக்குக் கையிருப்பும் எப்படி இருக்கிறது என்று பார்த்திருப்பேன். விற்பனைப் பிரிவுத் தலைவர் தன் பங்கை விட்டு வெளியேறும்போது அந்த இரண்டு எண்ணும்தான் முதலில் வீங்கும்.

மெதுநடை:

அதையும் இப்போதே எடுத்துப் பார்த்துவிட்டேன். வர வேண்டிய பாக்கி அந்தக் காலாண்டில் விற்பனையைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஏறியிருக்கிறது. என்னிடம் இன்னும் ஐந்து நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சிஎஃப்ஓவின் ஐந்து வருடப் படிவங்களிலிருந்து தொடங்குகிறேன். முதல் இரண்டை ஞாயிற்றுக்கிழமை இங்கே போடுகிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்.